போனை அவர்கள் கையிலேயே விடுங்கள்

வயதானவர்களுக்குப் போன் பழக்கப் போகிறவர் முதலில் அவர்களுடைய விரலைப் பார்க்க வேண்டும். வலை இழுத்த விரல், மண்வெட்டி பிடித்த விரல், காலம் முழுக்கத் தேங்காய் துருவி, மீன் வெட்டி, பானை தேய்த்த விரல். தொடுதிரைக்கு நாம் தொட்டது தெரிவதே நம் தோல் மின்சாரத்தைக் கடத்துவதால்தான். வயது போகப் போகத் தோல் வறண்டுவிடும். காய்த்துப்போன நுனியில் அந்தக் கடத்தல் இன்னும் குறையும். அதனால் அவர் தொட்டும் திரை அசையாது. அசையவில்லை என்றதும் இன்னும் அழுத்துவார். அழுத்திப் பிடித்தால் போன் அதை வேறொரு கட்டளையாக எடுத்துக்கொண்டு ஏதோ ஒரு பட்டியலைத் திறக்கும், அல்லது வாட்ஸ்அப் படம் இருந்த இடத்தை விட்டு எங்கோ போய்விடும். பக்கத்தில் நிற்கிற பேரன், "அம்மம்மாக்கு இது சரிவராது" என்று போனைப் பறித்துத் தானே செய்து கொடுப்பான். அவர் பழகுவது அந்த இடத்தில் நின்றுபோகிறது.

நான் மட்டக்களப்பில், வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரைப் பாடசாலை ஒன்றில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். 2020இல் கொரோனா ஊரடங்கு தளர்ந்த பிறகு, எங்கள் ஊர் வாசிகசாலையில் சனிக்கிழமை பின்னேரங்களில் வயதானவர்களோடு உட்காரத் தொடங்கினேன். அந்த ஊரடங்கில் ஊரே வீட்டுக்குள் இருந்தபோது, கட்டாரிலும் கனடாவிலும் சுவிஸிலும் இருக்கிற பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க ஒரே வழி அந்தச் சின்னத் திரைதான். அதைத் திறந்து தர ஆள் இல்லாமல் எத்தனையோ பேர் தவித்தார்கள். வாசிகசாலைக்கு வருகிறவர்களில் ஓய்வுபெற்ற அதிபர் இருக்கிறார், தபாலதிபர் இருக்கிறார், தலைச்சுமையில் மீன் விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கிய அம்மா இருக்கிறார், காத்தான்குடியிலிருந்து வருகிற புடவைக்கடை ஹாஜியார் ஒருவரும் இருக்கிறார். இவர்களோடு இருந்து நான் கண்டதைப் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சரி, விரலுக்கு வருவோம். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, நுனியில் கொஞ்சம் கிறீம் பூசிக்கொண்டாலே பலருக்குத் திரை கேட்க ஆரம்பித்துவிடும். அதற்கும் மசியாவிட்டால் நுனியில் ரப்பர் வைத்த தொடுபேனாவைக் கொடுத்துப் பாருங்கள். கை நடுங்குகிறவர்களுக்கும் அது வசதி. மெல்லத் தொட்டு எடுப்பதற்கும் அழுத்திப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை மேசையிலே தட்டிக் காட்டுங்கள், திரையில் வேண்டாம். பழைய பட்டன் போனில் அழுத்தி அழுத்திப் பழகிய கை அது, அந்தப் பழக்கம் போகக் கொஞ்சம் நாள் எடுக்கும். அதுவரைக்கும் செட்டிங்ஸில் அக்செசிபிலிட்டி என்ற பகுதிக்குள் போய், அழுத்திப் பிடிக்கும் நேரத்தை நீளமாக மாற்றி வையுங்கள். முகப்புத் திரையில் உள்ள படங்களை அசைய விடாமல் பூட்டும் வசதியும் பல போன்களில் இருக்கிறது. கைரேகைப் பூட்டை மட்டும் நம்பக் கூடாது. தேய்ந்த ரேகையைப் போன் அடையாளம் காணாமல் விட்டுவிடும். நான்கு இலக்கம் போதும்.

எழுத்தின் அளவைப் பெரிதாக்குவது எல்லோருக்கும் தெரியும். பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். எழுத்துக்கு ஒரு அளவு இருக்கிறது, திரையில் உள்ள எல்லாவற்றுக்கும் சேர்த்து இன்னொரு அளவு இருக்கிறது. இரண்டையும் கூட்டினால்தான் பொத்தான்களும் பெரிதாகும். வெளிச்சத்தைத் தானாக மாற விடாமல் ஒரே அளவில் வையுங்கள். கண்ணில் வெண்படலம் உள்ளவருக்கு மங்கலான சாம்பல் எழுத்து தெரியவே தெரியாது. எங்கள் தபாலதிபர் ஐயா வாட்ஸ்அப்பில் வந்த செய்திக்குப் பதில் போடத் தெரியாதவர் என்று வீட்டில் நம்பிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு எழுதுகிற இடம் எது என்று கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

வாசிகசாலையில் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறேன். அவர்களுடைய போன் அவர்கள் கையில்தான் இருக்க வேண்டும். நான் தொட மாட்டேன், கூட வந்த பேரப்பிள்ளையும் தொடக் கூடாது. வாயால் மட்டும் சொல்ல வேண்டும். இது மெதுவான வேலை. பக்கத்தில் இருக்கிறவருக்குக் கை துறுதுறுக்கும். ஆனால் ஒரு விரல் தானே போய் ஒன்றைத் திறந்ததும் அந்த முகத்தில் வருகிற தெளிவை ஒருமுறை பார்த்தவர் பிறகு போனைப் பறிக்கவே மாட்டார்.

கொப்பி ஒன்றும் வேண்டும். அதில் நான் எழுதிக் கொடுப்பதில்லை, அவர்களே எழுதுவார்கள். மீன் விற்கிற அம்மா, "பச்சைப் பெட்டிய தொட்டு, மகன்ட படத்த தொட்டு, மேல இரிக்கிற கமரா" என்று எழுதி வைத்திருக்கிறார். வீடியோ அழைப்பு எடுப்பது எப்படி என்று நான் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுத்திருந்தாலும் அதை விடத் தெளிவாக வராது. எழுத வராதவர்கள் படம் கீறுகிறார்கள். வீட்டுக்குப் போய்ச் செவ்வாய்க்கிழமை இரவு தனியாக இருக்கும்போது கைகொடுப்பது அந்தக் கொப்பிதான். ஒரு நாளைக்கு ஒரு வேலை பழகினால் போதும். மின்சார பில், செய்தி, யூடியூப் என்று எல்லாவற்றையும் ஒரே பின்னேரத்தில் காட்டினால் மறுநாள் ஒன்றும் மிஞ்சாது.

எதில் தொடங்குவது என்பதை நாம் தீர்மானிக்கக் கூடாது. "உங்களுக்கு இதில என்ன பார்க்கணும்?" என்று கேட்டால் வருகிற பதில்கள் எதிர்பாராதவையாக இருக்கும். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து வருகிற, கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஒருவர், "வடமோடிக் கூத்து இதுக்குள்ள இரிக்காமே, காட்டு மனே" என்றார். தேடச் சொன்னேன். தட்டச்சுத் தெரியாது. கீபோர்ட்டில் உள்ள மைக் படத்தைத் தொட்டுப் பேசச் சொன்னேன். கூகுளின் குரல்வழித் தட்டச்சு 2017இல் இருந்து இலங்கைத் தமிழுக்கென்று தனியாகவும் இருக்கிறது. நம் ஊர்ப் பேச்சில் விரைவாகச் சொன்னால் அது தடுமாறும், மேடையில் பேசுவதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னால் நன்றாக எழுதும். மேடையில் பேச அண்ணாவியாருக்குச் சொல்லித் தரவா வேண்டும்? வந்த காணொளிகளைப் பார்த்துவிட்டு, தாளக்கட்டு எங்கே பிசகுகிறது என்று அந்த இடத்திலேயே பாடிக் காட்டினார்.

அப்புறம் குரல் பதிவு பழகினார். வாட்ஸ்அப்பில் மைக்கை அழுத்திக்கொண்டு பேசி, விட்டால் போய்விடும். நீளமாகப் பாடும்போது விரல் நழுவினால் பாதியில் போய்விடும் என்பதால், மைக்கை மேலே தள்ளிப் பூட்டிவிட்டுக் கையை எடுப்பதையும் பழகிக்கொண்டார். இப்போது வெளிநாட்டில் இருக்கிற பேரனுக்குக் கூத்துப் பாட்டான தரு ஒவ்வொன்றாகப் பாடி அனுப்புகிறார். அவர் வீட்டுப் பக்கம் சிக்னல் குறைவு. பாடியதை அனுப்பிவிட்டுப் போனை வெளியே வேலியோரம் கொண்டுபோய் வைப்பார், அங்கே நின்றால் போய்ச் சேர்ந்துவிடும். தாளில் எழுதப்படாத எத்தனையோ பாடல்கள் இப்படிப் பதிவாகிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் போனிலேயே விட்டுவிடாதீர்கள், வேறொரு இடத்திலும் பிரதி எடுத்து வையுங்கள் என்று அவர் குடும்பத்திடம் சொல்லி வருகிறேன்.

நாவலடி, கல்லடிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு வேண்டியது பெரும்பாலும் புகைப்படங்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் கடல் வந்தபோது ஆட்களோடு அல்பங்களும் போய்விட்டன. செத்துப்போன பிள்ளையின் முகத்தைக் காட்ட ஒரு படம்கூட இல்லாத தாய்மார் இங்கே இருக்கிறார்கள். ஆனால் அந்த முகம் உள்ள ஏதோ ஒரு கல்யாணப் படத்தின் பிரதி ஒன்று லண்டனில் இருக்கிற தம்பியிடமோ கனடாவில் இருக்கிற மச்சாளிடமோ இருக்கும். அதை அனுப்பச் சொல்லிக் கேட்கத் தெரிய வேண்டும், வந்ததைத் தொலைக்காமல் வைத்திருக்கத் தெரிய வேண்டும். இங்கே ஒரு விசயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்புகிற படம் சுருங்கித்தான் வரும். ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக அச்செடுத்தால் முகம் கலங்கிவிடும். அனுப்புகிறவர் அதை டொகியுமென்டாக அனுப்ப வேண்டும், அப்போதுதான் முழுத் தரத்தில் வரும். பழைய படத்தை வெளிநாட்டில் வைத்திருப்பவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கணினிக்கு என்று வருகிறவர்கள் குறைவு. வந்தவர்களில் ஒருவர் மட்டக்களப்புக் கோட்டைக்குள் கச்சேரி, அதாவது மாவட்ட அரச அலுவலகம், இயங்கிய காலத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தில் பார்க்காமல் அடிப்பார். அந்த விசைகளை ஒட்டிய பாமினி எழுத்துருவில்தான் கணினியிலும் பழகியிருந்தார். தன் கிராமத்தின் வரலாற்றைப் பக்கம் பக்கமாக அடித்து வைத்திருந்தார். அதை மின்னஞ்சலில் மகளுக்கு அனுப்பினால் அங்கே ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் கலந்து தெரியும். பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்துக் காட்டுகிற பழைய முறை. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் தமிழ் மறைந்துவிடும். அவர் தன் தமிழை யாரும் வாசிக்க முடியாதபடி தானே கெடுத்துவிட்டதாக நினைத்து, எழுதுவதையே விட்டிருந்தார். எழுதியவை அனைத்தையும், எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடாக மாற்ற இணையத்திலேயே இலவச மாற்றிகள் இருக்கின்றன. விசைகளையும் புதிதாகப் பழகத் தேவையில்லை. இ-கலப்பை போன்ற மென்பொருளில் பாமினி விசைகளிலேயே யூனிகோடு அடிக்கலாம். அவருடைய நாற்பது வருட விரல் பழக்கத்தை வைத்துக்கொண்டே தொடர முடிந்தது. மவுசை இரட்டை அழுத்து அழுத்தும் வேகம் மட்டும் பிடிபடவில்லை. அதை மெதுவாக்கி வைத்தோம். படத்தை ஒருமுறை தொட்டுவிட்டு என்டர் அடித்தாலும் அதே வேலை நடக்கும். நூலகம் என்ற இணையத் தளத்தையும் அவருக்குக் காட்டினேன். 2005இல் தொடங்கியது அது, ஈழத்து நூல்களும் இதழ்களும் பத்திரிகைகளும் ஆயிரக்கணக்கில் அங்கே இலவசமாக இருக்கின்றன. தான் இளம் வயதில் வாசித்த சஞ்சிகைகளைக் கண்டதும் அன்று அவர் வேறு எதையும் பழக விரும்பவில்லை.

இனி எனக்கு மிகவும் கவலை தருகிற விசயம். நம் ஊர்களில் பெரும்பாலான முதியவர்களின் கணக்குகள் அவர்களுடையவையாக இல்லை. போன் வாங்கிய அன்று கொமினிகேசன் கடைப் பொடியன் ஒரு ஜிமெயில் திறந்து கொடுத்திருப்பான். கடவுச்சொல் அவனுக்குத்தான் தெரியும், அவனும் மறந்திருப்பான். வங்கியில் கொடுத்த இலக்கம் மகனுடையது. மகன் கட்டாருக்குப் போய்விட்டான். அந்த இலக்கத்துக்கு வருகிற ஓடிபி யாருக்கும் கிடைக்காது. 2022இல் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் குறியீடு வந்தபோது இதனால் பட்ட பாடு கொஞ்சமல்ல. பழைய மோட்டார்சைக்கிளுக்குப் பெற்றோல் அடிக்க, அடையாள அட்டை இலக்கமும் வண்டியின் செசி இலக்கமும் கொடுத்துப் பதிய வேண்டியிருந்தது, சரிபார்க்கும் இலக்கம் போனுக்கு வந்தது. சொந்தப் போன் இல்லாதவர் யாரோ ஒருவரின் தயவில் நின்றார். ஆனால் அந்தத் திட்டத்தில் ஒரு நன்மை இருந்தது. கியூஆரைத் தாளில் அச்சடித்துப் பையில் வைத்துக்கொண்டு போக முடிந்தது. அந்தத் தாளை லாமினேட் செய்து சாவிக்கொத்தில் தொங்கவிட்டவர்கள் ஒரு சிரமமும் படவில்லை. அரசாங்கமோ வங்கியோ எந்தச் சேவையை இணையத்துக்குக் கொண்டுபோனாலும் இப்படி ஒரு தாள் வழியைக் கட்டாயம் விட்டு வைக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

வீட்டில் செய்ய வேண்டியது இதுதான். அவர்கள் பெயரில் அவர்களுக்கென்று ஒரு சிம். நீண்ட நாள் ரீலோட் போடாமல் விட்டால் சிம் செயலிழந்து அந்த இலக்கமே வேறொருவருக்குப் போய்விடக்கூடும், ஆகவே அதைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஜிமெயில் முகவரியையும் கடவுச்சொல்லையும் கொப்பியில் எழுதி, காணி உறுதி இருக்கிற அலுமாரிக்குள் வையுங்கள். எழுதி வைப்பது ஆபத்தில்லையா என்று சிலர் கேட்பார்கள். எங்கோ இருக்கிற கள்ளன் உங்கள் அலுமாரிக்குள் வர முடியாது. கடவுச்சொல்லை மறந்து கணக்கையே இழப்பதுதான் இங்கே அன்றாடம் நடக்கிறது. வங்கி அட்டையின் பின் (PIN) இலக்கத்தை மட்டும் அந்தக் கொப்பியில் எழுதாதீர்கள்.

ஏமாற்றுக்காரர்கள் பற்றியும் சொல்ல வேண்டும். பொதி வந்திருக்கிறது, கட்டணம் கட்டுங்கள் என்று இணைப்போடு வருகிற குறுஞ்செய்தி, பரிசு விழுந்திருக்கிறது என்ற அழைப்பு, தெரிந்தவருடைய வாட்ஸ்அப்பில் இருந்தே வருகிற "அவசரம், கொஞ்சம் காசு போட்டுவிடுங்க" என்ற செய்தி. கடைசியாகச் சொன்னதுதான் நம் ஆட்களை அதிகம் விழுத்துகிறது. முதலில் ஒருவருடைய போனுக்கு வாட்ஸ்அப் அனுப்புகிற ஆறு இலக்கக் குறியீட்டை வாங்கி அவருடைய வாட்ஸ்அப்பைப் பிடிப்பார்கள், பிறகு அவர் பெயரிலேயே உறவினர்களிடம் காசு கேட்பார்கள். எங்களிடம் வருகிறவர்களுக்கு ஒரே ஒரு விதிதான் பழக்கியிருக்கிறேன். போனுக்கு வந்த இலக்கத்தை யாருக்கும் சொல்லக் கூடாது, வங்கி என்றாலும் பொலிஸ் என்றாலும் பெற்ற மகன் என்றாலும். காசு கேட்டு வந்தால் செய்திக்குப் பதில் போடாமல், அந்த ஆளுக்கே அழைப்பு எடுத்துக் குரலைக் கேட்க வேண்டும். வாட்ஸ்அப்பின் செட்டிங்ஸில் அக்கவுண்ட் என்பதற்குள் இரண்டு படிச் சரிபார்ப்பு என்று ஒன்று இருக்கிறது. அதில் சொந்தமாக ஒரு பின் (PIN) இலக்கம் போட்டுவிட்டால் குறியீட்டை மட்டும் திருடியவனால் உள்ளே வர முடியாது. சந்தேகம் வந்தால், இணையப் பாதுகாப்பைக் கவனிக்கிற இலங்கை சேர்ட் (CERT) அமைப்பின் 101 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

ஆனால் விதிகளை விட முக்கியமான ஒன்று இருக்கிறது. எங்களிடம் வருகிற அம்மா ஒருவர் இப்படி ஏமாந்து கணிசமான காசை இழந்தார். அதை யாருக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றே வங்கிக்குப் போய்க் கணக்கையாவது முடக்கியிருக்கலாம். பல நாள் கழித்து என்னிடம் சொன்னபோது ஏன் மகனிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா போன வாங்கிருவான் மகள், மறுகா பேரப்புள்ளைய நான் எப்பிடிப் பாக்கிற?" என்றார். காசு போனதை விட அந்தப் பயம்தான் அவரை மாதக்கணக்கில் தின்றிருக்கிறது. பிள்ளைகளே, இதை உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். என்ன நடந்தாலும் போனை வாங்க மாட்டோம், ஏச மாட்டோம் என்று இன்றைக்கே அவர்களிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். வீட்டில் பேச்சு வாங்கப் பயந்து ஒளிக்கிற ஆளைத்தான் ஏமாற்றுக்காரன் மீண்டும் மீண்டும் தேடி வருவான்.

வதந்தியை முதியவர்கள் எளிதில் நம்புவார்கள் என்று சொல்வதை நான் முழுதாக ஏற்கவில்லை. சுனாமிக்குப் பிறகு "திரும்பவும் கடல் வருது" என்ற கதை கேட்டு ஓடியவர்கள் இவர்கள். 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் நில அதிர்வு ஏற்பட்டு உண்மையான எச்சரிக்கை வந்தபோதும் ஓடியவர்கள். யார் சொன்னது, வானொலியில் வந்ததா, சொன்னவன் தானே கண்டானா என்று கேட்டுப் பிரித்துப் பார்க்க அவர்களுக்கு நன்றாகத் தெரியும். போனில் வருகிற செய்திக்கும் அந்தக் கேள்விகள் பொருந்தும் என்பதைத்தான் சொல்லித் தர வேண்டியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் செய்திக்கு மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பலர் கைமாறி வந்தது என்று காட்டினால் உடனே விளங்கிக்கொள்கிறார்கள். நீரிழிவுக் குளிசையை நிறுத்தச் சொல்கிற வீடியோ வந்தால் கிளினிக் கொப்பியோடு போனையும் வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள் என்கிறேன்.

பழகிய பிறகும் ஒரு துன்பம் மிஞ்சும். செயலி புதுப்பித்தால் பொத்தான் இடம் மாறும். நெட் கஃபேயில் உட்கார்ந்து ஸ்கைப் பழகிய தலைமுறை இது. 2025 மே மாதத்தோடு ஸ்கைப்பே நிறுத்தப்பட்டுவிட்டது. பழகியது கையை விட்டுப் போகும்போது அவர்கள் தங்கள் ஞாபகத்தைத்தான் சந்தேகிக்கிறார்கள். "மாறினது போன், நீங்க இல்ல" என்று அடிக்கடி சொல்ல வேண்டும். எங்கள் அதிபர் ஐயாவுக்கு எழுத்தை விரலாலேயே திரையில் எழுதுகிற கீபோர்ட் போட்டுக் கொடுத்த பிறகுதான் அவருக்குப் பழைய நம்பிக்கை திரும்பியது. கரும்பலகையில் எழுதிய அதே அழகான கையெழுத்தை ஜிபோர்ட் என்ற அந்தக் கீபோர்ட் ஒரு பிழையில்லாமல் வாசிக்கிறது.

இதெல்லாம் வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். ஹாஜியாரின் சகோதரர் ஒருவர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "எனக்கு றேடியோ காணும் மகள்" என்று போய்விட்டார். அதுவும் சரிதான்.

ஓகஸ்ட் விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். புதுப் போன் வாங்கி வந்து, எல்லாவற்றையும் நீங்களே மாற்றிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறாதீர்கள். பழைய போன் நன்றாக இயங்கினால் அதுவே இருக்கட்டும். வந்த முதல் வாரத்திலேயே பக்கத்தில் உட்காருங்கள், கேட்டால் மட்டும் சொல்லுங்கள். மிச்ச நாட்களில் அவர்களே தடுமாறி, உங்களைக் கூப்பிட்டுக் கேட்டு, சரிசெய்து பழக நேரம் இருக்கும். போவதற்கு முதல் நாள், நீங்கள் அடுத்த அறையில் இருந்துகொண்டு அவர்களை உங்களுக்கு வீடியோ அழைப்பு எடுக்கச் சொல்லுங்கள். ஜிமெயிலிலும் வங்கியிலும் உங்கள் இலக்கம் பதிவாகியிருந்தால், அதை எடுத்துவிட்டு அவர்களுடைய இலக்கத்தைப் போட்டுவிட்டுப் போங்கள். வங்கியில் அதை மாற்ற அவர்களும் அடையாள அட்டையோடு நேரில் போக வேண்டிவரும், ஆகவே கடைசி நாள் வரைக்கும் தள்ளிப் போடாதீர்கள்.